டொமைன் ஓரிடம், வெப்சைட் ஓரிடம், மெயில் ஓரிடம்: மூன்றையும் டிஎன்எஸ்ஸில் சரியாகக் கோக்க முழு வழிகாட்டி

டொமைனை ஒரு நிறுவனத்திடம் வாங்கியிருப்பார்கள். வெப்சைட் வேறொரு ஹோஸ்டிங்கில் ஓடும். மெயில் ஜோஹோவிலோ கூகுள் ஒர்க்ஸ்பேஸிலோ இருக்கும். டிஎன்எஸ், அதாவது டொமைன் பெயரைத் தட்டினால் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் முகவரிப் பட்டியல், எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. வெப்சைட்டைப் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றிய அன்றே மெயில் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு ஏ ரெக்கார்ட், அதாவது வெப்சைட்டின் ஐபி முகவரியைச் சொல்லும் ஒரு வரி. ஹோஸ்டிங்காரர் அனுப்பிய வரவேற்பு மெயிலில் "எங்கள் நேம்சர்வரைப் போடுங்கள்" என்று இருந்ததால், அந்தப் பட்டியலையே வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றிவிடுகிறார்கள். பழைய நேம்சர்வரில் இருந்த எம்எக்ஸ் (மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்ற வரி), டிகிம், எஸ்பிஎஃப் (மெயில் உங்களுடையதுதான் என்று நிரூபிக்கும் வரிகள்) எல்லாம் அதோடு போய்விடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வது நல்லதா? இல்லை, பிரித்து வைப்பதே நல்லது. ஷேர்டு ஹோஸ்டிங்கோடு இலவசமாக வரும் மெயிலை நம்பினால், வெப்சைட்டில் மால்வேர் புகுந்து கணக்கை முடக்கும் நாளில் மெயிலும் முடங்கும். அதே சர்வரில் இருக்கும் வேறொருவர் ஸ்பேம் அனுப்பினால் அந்த ஐபியின் பெயர் கெட்டு, உங்கள் இன்வாய்ஸும் ஸ்பேம் பெட்டிக்குப் போகும். 2023இல் கூகுள் தன் டொமைன் விற்பனைத் தொழிலை ஸ்கொயர்ஸ்பேஸுக்கு விற்றபோது, டிஎன்எஸ்ஸை வேறிடத்தில் வைத்திருந்தவர்கள் ரெக்கார்டுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. பிரித்து வைப்பதற்கு ஒரே விலை, எது எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான்.

இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது: ஏதோ ஒரு ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைன் விற்கும் நிறுவனம்) வாங்கிய உங்கள்பெயர்.காம், கிளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டத்தில் டிஎன்எஸ், சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் உள்ள ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் வெப்சைட், ஜோஹோவில் மெயில், கூடவே நியூஸ்லெட்டர் அனுப்ப ஒரு தனிச் சேவை. வேறு நிறுவனங்களாக இருந்தாலும் வேலையின் வரிசை மாறாது. ரெக்கார்டு மதிப்புகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். பேனலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் கணக்கெடுப்பு

எதையும் தொடுவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். நினைவிலிருந்து சொல்லாமல், பார்த்து எழுதுங்கள்.

ரெஜிஸ்ட்ரார் யார்? டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் டொமைனைத் தட்டினால் ரெஜிஸ்ட்ரார் பெயர், காலாவதித் தேதி, பூட்டு நிலை மூன்றும் தெரியும். பழைய ஹூஇஸ் முறைக்குப் பதிலாக இப்போது ஆர்டாப் முறையில் இந்தத் தகவல் வருகிறது.

டிஎன்எஸ் எங்கே? விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து என்எஸ்லுக்அப் கட்டளையை என்எஸ் வகையில் ஓட்டுங்கள். லினக்ஸ், மேக் என்றால் டிக் கட்டளை. விடையில் கிளவுட்ஃப்ளேர் பெயர் வந்தால் டிஎன்எஸ் அங்கே. ரெஜிஸ்ட்ராரின் பேனலில் என்ன ரெக்கார்டு போட்டிருந்தாலும் அது அப்போது செல்லாது. இந்தக் குழப்பத்தில் நாள்கணக்கில் தவறான பேனலில் ரெக்கார்டைத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் நிறைய. நேம்சர்வர் எந்த நிறுவனத்தைச் சுட்டுகிறதோ அந்த நிறுவனத்தின் பேனல் ஒன்றுதான் நிஜம்.

வெப்சைட் எங்கே? ஏ, ஏஏஏஏ (ஐபிவி6 என்ற புதுவகை முகவரிக்கான ரெக்கார்டு) இரண்டு வகையையும் கேளுங்கள். முகவரி கிளவுட்ஃப்ளேருடையதாக இருந்தால் உண்மையான சர்வர் அதன் பின்னால் மறைந்திருக்கிறது. கிளவுட்ஃப்ளேர் கணக்குக்குள் போனால்தான் தெரியும்.

மெயில் எங்கே? எம்எக்ஸ் வகை. ஜோஹோவின் இந்திய டேட்டா சென்டர் என்றால் எம்எக்ஸ்.ஜோஹோ.இன், எம்எக்ஸ்2.ஜோஹோ.இன், எம்எக்ஸ்3.ஜோஹோ.இன் என்று மூன்று வரி, முன்னுரிமை எண் 10, 20, 50. கூகுளில் பழைய கணக்குகளுக்கு ஐந்து வரி இருக்கும், இப்போது எஸ்எம்டிபி.கூகுள்.காம் என்ற ஒரே வரி போதும். ஐந்து வரி இருப்பதும் சரியே, அதை மாற்றத் தேவையில்லை.

பிறகு பழைய டிஎன்எஸ் பேனலிலிருந்து ஜோன் ஃபைலை, அதாவது எல்லா ரெக்கார்டுகளும் அடங்கிய ஃபைலை, எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். எக்ஸ்போர்ட் வசதி இல்லையென்றால் ஒவ்வொரு பக்கமாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கிளவுட்ஃப்ளேரில் டொமைனைச் சேர்க்கும்போது அது பழைய ரெக்கார்டுகளைத் தானே தேடி எடுக்கும் என்பது உண்மை. ஆனால் வெளியிலிருந்து டிஎன்எஸ்ஸிடம் "உன்னிடம் உள்ள எல்லாவற்றையும் கொடு" என்று கேட்க முடியாது. வழக்கமான பெயர்களை ஊகித்துத்தான் அது கேட்கிறது. டிகிம் செலக்டர் (டிகிம் ரெக்கார்டின் பெயர்), பில்லிங்குக்கு வைத்த சப்டொமைன், எஸ்ஆர்வி ரெக்கார்டு (சில சேவைகளின் சர்வரைச் சொல்வது) போன்றவை அந்தத் தேடலில் விட்டுப்போகும். எக்ஸ்போர்ட்டை வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டே ஆக வேண்டும்.

ரெஜிஸ்ட்ரார் கணக்கு

இங்கே வேலை குறைவு, ஆபத்து அதிகம். கணக்கு டொமைன் உரிமையாளரின் பெயரிலேயே இருக்க வேண்டும். வெப்சைட் செய்துகொடுத்தவரின் கணக்கில் இருந்தால், முதல் வேலையாக உங்கள் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரே ரெஜிஸ்ட்ராருக்குள் கணக்கு மாற்றுவது பொதுவாகச் சில நிமிட வேலை.

ரெஜிஸ்ட்ராரிடம் கொடுக்கும் மெயில் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நிற்கும். பாஸ்வேர்ட் ரீசெட் மெயில் வரவே வராது. கிளவுட்ஃப்ளேர், ஹோஸ்டிங், மெயில் சேவையின் அட்மின் மீட்பு முகவரி எல்லாவற்றுக்கும் இதே விதி. இதற்கென்றே வெளியில் ஒரு ஜிமெயில் முகவரி வைத்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, பேக்கப் கோடுகளைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். ஊழியர் ஒருவரின் சொந்த போன் எண்ணுக்கு ஓடிபி போகும்படி வைக்காதீர்கள்.

ஆட்டோ ரெனியூவல் போட்டாயிற்று என்று இந்தியாவில் நிம்மதியாக இருக்க முடியாது. 2021 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதிகளுக்குப் பிறகு, வெளிநாட்டு நிறுவனங்கள் கார்டில் தானாகப் பணம் எடுக்கும் முயற்சி பல நேரம் தோற்றுப்போகிறது. முக்கியமான டொமைனை இரண்டு, மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கையால் புதுப்பித்துவிடுவதே பாதுகாப்பு. .காம் டொமைனை 10 ஆண்டு வரை முன்கூட்டியே புதுப்பிக்கலாம்.

தவறிவிட்டால் என்ன ஆகும்? .காம் போன்ற பொது டொமைன்களில், காலாவதிக்குப் பின் ரெஜிஸ்ட்ரார் அதிகபட்சம் 45 நாள் வரை சலுகை தரலாம். தர வேண்டிய கட்டாயம் இல்லை. டெலீட் செய்த பிறகு 30 நாள் ரிடெம்ப்ஷன் காலம். அப்போது மீட்க வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு கேட்பார்கள். அதன் பின் 5 நாள் பெண்டிங் டெலீட், அதோடு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். .இன் உள்ளிட்ட நாட்டு டொமைன்களுக்கு அந்தந்த ரெஜிஸ்ட்ரியின் விதிதான் பொருந்தும் என்பதால் இந்த நாள்கணக்கை அவற்றுக்கு நம்பாதீர்கள்.

ரெஜிஸ்ட்ராரையே மாற்ற நினைத்தால், வாங்கிய அல்லது கடைசியாக மாற்றிய நாளிலிருந்து 60 நாள் கழிய வேண்டும். பூட்டை எடுத்து, ஆத் கோடு (மாற்ற அனுமதிக்கும் ரகசியக் குறியீடு) வாங்கி, புது ரெஜிஸ்ட்ராரிடம் கொடுத்தால் ஐந்தாறு நாளில் முடியும். .காமுக்கு ஓராண்டும் கூடும். இதில் ஒரு பொறி உண்டு: பழைய ரெஜிஸ்ட்ராரின் நேம்சர்வரையே பயன்படுத்திக்கொண்டிருந்தால், டொமைன் போனதும் அவர்கள் டிஎன்எஸ் சேவையை நிறுத்திவிடக்கூடும். எனவே டிஎன்எஸ்ஸை முதலில் வெளியே நகர்த்துங்கள், பிறகு டொமைனை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம்.

டிஎன்எஸ்ஸை நகர்த்தும் வரிசை

முதல் படி, டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் விடை உண்மையானதா என்று கையெழுத்தால் சரிபார்க்கும் பாதுகாப்பு) போட்டிருக்கிறதா என்று பார்ப்பது. ரெஜிஸ்ட்ராரிடம் அதற்கான டிஎஸ் ரெக்கார்டு இருந்தால் அதை நீக்கிவிட்டு ஒரு நாளுக்கு மேல் காத்திருங்கள். .காமில் டிஎஸ்ஸின் டிடிஎல் (ஒரு விடையை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 86400 விநாடி, அதாவது 24 மணி நேரம். இதை விட்டுவிட்டு நேம்சர்வரை மாற்றினால், புது நேம்சர்வர் தரும் விடையில் பழைய கையெழுத்து இருக்காது, 8.8.8.8, 1.1.1.1 போன்ற சரிபார்க்கும் ரிசால்வர்கள் (பயனர்களுக்காக டிஎன்எஸ்ஸில் தேடித் தரும் சர்வர்கள்) டொமைனையே மறுத்து செர்வ்ஃபெயில் என்று சொல்லும். சரிபார்க்காத ரிசால்வர் வழியாக வருபவர்களுக்கு மட்டும் எல்லாம் வேலை செய்யும். "எனக்கு வருகிறதே" என்று நீங்களும் "எனக்கு வரவில்லையே" என்று வாடிக்கையாளரும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாம் படி, புது இடத்தில் எல்லா ரெக்கார்டையும் பழைய மதிப்பிலேயே போடுவது. வெப்சைட்டையும் மாற்றப் போகிறீர்கள் என்றாலும் இப்போது பழைய ஐபிதான். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். கிளவுட்ஃப்ளேரில் டிராஃபிக்கைத் தன் வழியாகத் திருப்பும் ஆரஞ்சு மேகத்தையும் இந்தக் கட்டத்தில் சாம்பல் நிறத்தில், அதாவது டிஎன்எஸ் ஒன்லி நிலையில் வையுங்கள்.

மூன்றாம் படி, மாற்றுவதற்கு முன்பே சோதிப்பது. டிக் கட்டளையில் @ குறி போட்டுப் புது நேம்சர்வரின் பெயரைக் கொடுத்தால் அதனிடமே நேரடியாகக் கேட்கலாம். பழையதிடமும் அதே கேள்வி. ஏ, எம்எக்ஸ், டிஎக்ஸ்டி (எஸ்பிஎஃப் போன்ற எழுத்துக் குறிப்புகளுக்கான ரெக்கார்டு) விடைகள் இரண்டிலும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த படி.

நான்காவதாக ரெஜிஸ்ட்ராரிடம் நேம்சர்வரை மாற்றுங்கள். பழைய ஜோனை உடனே அழிக்காதீர்கள். "48 மணி நேரம் ஆகலாம்" என்று எல்லோரும் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. .காம் ரெஜிஸ்ட்ரியில் நேம்சர்வர் ரெக்கார்டின் டிடிஎல் 172800 விநாடி, சரியாக 48 மணி நேரம். அந்த நேரத்துக்குப் பழைய நேம்சர்வரிடமும் சிலர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டிலும் ஒரே ரெக்கார்டுகள் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு வாரம் கழித்துப் பழையதை அழிக்கலாம்.

இதன் பிறகு தனி ரெக்கார்டு மாற்றத்துக்கு 48 மணி நேரம் தேவையில்லை. அந்த ரெக்கார்டின் டிடிஎல் எவ்வளவோ அவ்வளவுதான். மாற்றத்துக்கு முந்தின நாள் 300ஆகக் குறையுங்கள். வேலை முடிந்து எல்லாம் நிலைத்ததும் 3600க்கு உயர்த்துங்கள். பழைய டிடிஎல் 86400ஆக இருந்தால், குறைத்த பிறகும் ஒரு நாள் காத்திருந்தால்தான் அந்தக் குறைப்புக்குப் பலன். இன்னொன்று: ரெக்கார்டைப் போடுவதற்கு முன்பே ஆர்வத்தில் சோதித்துப் பார்த்தால், "இல்லை" என்ற விடையும் கேஷில், அதாவது தற்காலிக நினைவில், தங்கும். போட்ட பிறகு சோதியுங்கள். கூகுள், கிளவுட்ஃப்ளேர் இரண்டும் தங்கள் பொது ரிசால்வர்களின் கேஷை அழிக்கத் தனிப் பக்கம் வைத்திருக்கின்றன.

வெப்சைட்டை இணைப்பது

புது ஹோஸ்டிங்கில் ஃபைல்களையும் டேட்டாபேஸையும் ஏற்றிய பின், டிஎன்எஸ்ஸைத் தொடாமலே உங்கள் கணினியில் மட்டும் பார்க்கலாம். விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி, அதில் ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைல். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, புது ஐபியையும் டொமைனையும் ஒரே வரியில் எழுதிச் சேமியுங்கள். லாகின், ஃபார்ம், படங்கள், பேமெண்ட் பக்கம் எல்லாம் பார்த்துவிட்டு அந்த வரியை நீக்க மறக்காதீர்கள். நீக்காவிட்டால் பின்னாளில் உங்கள் கணினி மட்டும் வேறு உலகத்தில் இருக்கும்.

சரியாக இருந்தால் வெறும் டொமைனுக்கு, அதாவது @ குறிக்கு, ஏ ரெக்கார்டைப் புது ஐபிக்கு மாற்றுங்கள். மூன்று டபிள்யூ பெயரை சிநேமாக (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் ரெக்கார்டு) வெறும் டொமைனுக்கே சுட்டுங்கள். அடுத்த முறை ஐபி மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். வெறும் டொமைனுக்கு சிநேம் போடச் சொல்லும் சேவைகள் உண்டு. டிஎன்எஸ் விதிப்படி சிநேம் இருக்கும் பெயரில் வேறு ரெக்கார்டு இருக்கக் கூடாது. வெறும் டொமைனிலோ என்எஸ், எஸ்ஓஏ, எம்எக்ஸ் எல்லாம் இருந்தாக வேண்டும். கிளவுட்ஃப்ளேர் அந்த சிநேமைத் தானே ஐபியாக மாற்றித் தருவதால் அங்கே சிக்கல் இல்லை. சில நிறுவனங்கள் இதற்கு ஏலியாஸ் என்று தனி வகை வைத்திருக்கின்றன. இரண்டும் இல்லாத டிஎன்எஸ் என்றால் ஹோஸ்டிங்காரரிடம் நிலையான ஐபி கேளுங்கள்.

அடிக்கடி மறந்துபோவது ஏஏஏஏ ரெக்கார்டு. ஏ ரெக்கார்டைப் புது ஐபிக்கு மாற்றிவிட்டு, பழைய ஹோஸ்டிங்கின் ஐபிவி6 முகவரியை அப்படியே விட்டால், பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் புது வெப்சைட்டும் ஜியோ மொபைலில் பழைய வெப்சைட்டும் தெரியலாம். ஜியோ பெரும்பாலும் ஐபிவி6இல் ஓடும் நெட்வொர்க். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவையின் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் கிடைக்காமல் போகும் பல வழக்குகளிலும் காரணம் இதுவே: ஏஏஏஏ இருந்தால் அது அந்த வழியைத்தான் முதலில் தட்டும், பழைய சர்வர் தவறான விடை சொல்லும், சரிபார்ப்பு தோற்கும். புது ஹோஸ்டிங் ஐபிவி6 தராவிட்டால் ஏஏஏஏவை நீக்கிவிடுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் இன்னும் இரண்டு. எந்த நிறுவனம் சான்றிதழ் தரலாம் என்று சொல்லும் சிஏஏ ரெக்கார்டு இருந்தால், அதில் பெயரில்லாத நிறுவனம் சான்றிதழ் தராது. பழைய ஹோஸ்டிங் காலத்தில் போட்டது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, கிளவுட்ஃப்ளேரின் ஆரஞ்சு மேகத்தைப் போட்டதும் "டூ மெனி ரீடைரக்ட்ஸ்" என்று பிரவுசர் அலறுவது. எஸ்எஸ்எல் நிலை ஃப்ளெக்ஸிபிள் என்று இருந்தால், கிளவுட்ஃப்ளேர் சர்வரிடம் எச்டிடிபியில் பேசும். சர்வரோ எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ என்று திருப்பும். அது மறுபடி எச்டிடிபியில் கேட்கும். முடிவே கிடையாது. ஹோஸ்டிங்கில் சான்றிதழ் ஏறிய பின் நிலையை ஃபுல் ஸ்ட்ரிக்ட் என்று மாற்றுங்கள். ஃப்ளெக்ஸிபிளை எந்தக் காரணத்துக்கும் பயன்படுத்த வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பூட்டு ஐகான் தெரியும், பாதி வழி திறந்தே கிடக்கும்.

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் அதிகபட்சம் 90 நாளுக்குத்தான். காலாவதி எச்சரிக்கை மெயில் அனுப்புவதை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளும் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சில் 47 நாளாகிவிடும். கையால் சான்றிதழ் ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் இப்போதே தானியங்கிக்கு மாறுவது நல்லது.

மெயில்

வெப்சைட் ஒரு மணி நேரம் நின்றால் வந்தவர் திரும்ப வருவார். மெயிலில் நடக்கும் தவறோ பல நேரம் வெளியே தெரியவே தெரியாது. அதனால் இங்கே நிதானம் வேண்டும்.

ஒரு சமாதானமும் உண்டு. மெயில் சர்வர் கொஞ்ச நேரம் எட்டாமல் போனால் மெயில் தொலையாது; அனுப்பும் சர்வர் வரிசையில் வைத்துப் பல மணி நேரம், வழக்கமாகச் சில நாள்கூட மறுபடி மறுபடி முயலும். மெயில் உண்மையில் தொலைவது இரண்டு சமயத்தில். புது இடத்தில் அந்தப் பெயரில் மெயில் பெட்டி இல்லாவிட்டால், 550 என்ற விடையோடு அங்கேயே திரும்பிவிடும். அல்லது பழைய சர்வர் இன்னும் மெயிலை வாங்கிக்கொண்டு, யாரும் பார்க்காத பெட்டியில் போட்டுவைக்கும்.

ஆகவே வரிசை இப்படி. ஜோஹோவில் டொமைன் உரிமையை டிஎக்ஸ்டி ரெக்கார்டால் நிரூபியுங்கள். எல்லா மெயில் பெட்டிகளையும், இன்ஃபோ, சேல்ஸ், அக்கவுண்ட்ஸ் போன்ற ஏலியாஸ்களையும், ஃபார்வர்டுகளையும் உருவாக்குங்கள். சிபேனலில் கேட்ச்-ஆல் (எந்தப் பெயருக்கு வரும் மெயிலையும் ஒரே பெட்டியில் சேர்ப்பது) போட்டிருந்தார்களா என்று பாருங்கள். இருந்தால், எந்தெந்தப் பெயருக்கு மெயில் வருகிறது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்து ஐமேப் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) வழியாகப் பழைய மெயில்களைப் பிரதி எடுங்கள். ஜோஹோவின் மைக்ரேஷன் வசதியோ ஐமேப்சிங்க் கருவியோ போதும். அவுட்லுக்கில் பாப்3 (மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) போட்டவர்களின் பழைய மெயில் பெரும்பாலும் சர்வரிலேயே இருக்காது, அந்தக் கணினியின் பிஎஸ்டி ஃபைலில்தான் இருக்கும். அதைத் தனியாக இம்போர்ட் செய்ய வேண்டும்.

எம்எக்ஸின் டிடிஎல்லை முந்தின நாளே 300ஆக்கி, வேலை குறைந்த நேரத்தில், சனிக்கிழமை இரவு போல, பழைய எம்எக்ஸ் எல்லாவற்றையும் நீக்கிப் புதியவற்றைப் போடுங்கள். பழையதில் ஒன்றைப் "பாதுகாப்புக்கு" 50 என்ற எண்ணில் விட்டுவைப்பவர்கள் உண்டு. ஸ்பேம் அனுப்புபவர்கள் அந்தக் கடைசி எண்ணைத்தான் முதலில் தேடுவார்கள். நல்ல மெயிலும் சில அங்கே போய் ஒதுங்கும். எம்எக்ஸின் மதிப்பு ஐபியாகவோ சிநேம் பெயராகவோ இருக்கக் கூடாது. கிளவுட்ஃப்ளேரில் மெயில் என்ற சப்டொமைன் இருந்தால் அது சாம்பல் மேகத்திலேயே இருக்கட்டும். ஆரஞ்சு மேகம் வெப் டிராஃபிக்கை மட்டும் கடத்தும், ஐமேப், எஸ்எம்டிபி அதில் நின்றுவிடும். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை ஐமேப் பிரதி ஓட்டுங்கள். இடைப்பட்ட நேரத்தில் பழைய பெட்டியில் விழுந்தவை வந்து சேரும்.

இப்போது பலர் தவறவிடும் இடம். வெப்சைட் இருக்கும் சிபேனலில் ஈமெயில் ரூட்டிங் என்று ஒரு பக்கம் உண்டு. அதில் ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். லோக்கல் என்று இருந்தால், அந்த சர்வர் உங்கள் டொமைனின் மெயில் தன்னிடமே இருப்பதாக நினைக்கும். ஜிமெயிலிலிருந்து அனுப்பினால் ஜோஹோவுக்குச் சரியாக வரும். ஆனால் வெப்சைட்டின் தொடர்புப் படிவம் உங்கள் முகவரிக்கு அனுப்பும் மெயில் டிஎன்எஸ்ஸைக் கேட்காமலே அந்த சர்வருக்குள் இருக்கும் பழைய பெட்டியில் விழும். வாடிக்கையாளர் விசாரணை எல்லாம் மாதக்கணக்கில் அங்கே குவிந்து கிடக்கும்.

அடுத்து மூன்று சரிபார்ப்புகள்.

எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும், @ பெயரில் உள்ள ஒரு டிஎக்ஸ்டி. வி=எஸ்பிஎஃப்1 என்று தொடங்கி, மெயில் சேவை தரும் இன்க்ளூட் வந்து, ~ஆல் என்று முடியும். சேவையின் இன்க்ளூட் பெயரை அட்மின் பக்கத்திலிருந்து அப்படியே எடுங்கள். டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். ஜோஹோவுக்கு ஒன்று, நியூஸ்லெட்டருக்கு ஒன்று என்று இரண்டு போட்டால் இரண்டுமே செல்லாமல் போகும். ஒரே வரியில் இரண்டு இன்க்ளூட்டாகச் சேருங்கள். அதோடு, உள்ளுக்குள் விரியும் இன்க்ளூட்களையும் சேர்த்து டிஎன்எஸ் தேடல் பத்தைத் தாண்டக் கூடாது. ஐபி4 என்று நேரடியாக எழுதுவது இந்தக் கணக்கில் வராது. நியூஸ்லெட்டர் சேவைகள் பல தங்கள் சொந்த டொமைனைத் திரும்பும் முகவரியாக வைத்து அனுப்பும். அப்போது உங்கள் எஸ்பிஎஃப்பை யாரும் பார்ப்பதே இல்லை. அவர்களின் இன்க்ளூட் அங்கே வீண் சுமை. அத்தகைய சேவைக்கு டிகிம்தான் முக்கியம்.

டிகிம், அதாவது மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து, அனுப்பும் சேவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. செலக்டர் பெயர், பிறகு புள்ளி, அடிக்கோடு, டொமைன்கீ என்ற பெயரில் டிஎக்ஸ்டியோ சிநேமோ போட வேண்டும். 2048 பிட் சாவியைத் தேர்ந்தெடுங்கள். டிஎக்ஸ்டியின் ஒரு துண்டு 255 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், சில பழைய பேனல்களில் சாவியை இரண்டு மேற்கோள் துண்டாகப் பிரிக்க நேரும். நடுவில் கூடுதல் இடைவெளி புகுந்தால் சாவி கெடும். பெயர்ப் பெட்டியில் முழு டொமைனையும் ஒட்டினால், பேனல் தன் பங்குக்கு இன்னொரு முறை டொமைனைச் சேர்த்து உங்கள்பெயர்.காம்.உங்கள்பெயர்.காம் என்று ஆக்கிவிடும். "ரெக்கார்டு போட்டேன், வெரிஃபை ஆகவில்லை" என்ற புகார்களில் நாம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இந்தச் சரிபார்ப்புகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் ரெக்கார்டு, அடிக்கோடு டிமார்க் என்ற பெயரில். முதலில் பி=நன் (எதுவும் செய்ய வேண்டாம்) என்று வைத்து, அறிக்கை வரும் முகவரியைக் கொடுங்கள். மூன்று, நான்கு வாரம் அறிக்கை பாருங்கள். உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று அதில் தெரியும். மறந்துபோன பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்று கட்டாயம் தலைகாட்டும். அதற்கும் டிகிம் போட்ட பின் குவாரண்டைன் (ஸ்பேம் பெட்டிக்கு), பிறகு ரிஜெக்ட் (ஏற்காமல் திருப்பு). நேராக ரிஜெக்டில் தொடங்கினால் உங்கள் சொந்த இன்வாய்ஸ்களே திரும்பும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும், மொத்தமாக அனுப்புபவர்களிடம் (கூகுளின் கணக்கில் நாளொன்றுக்கு 5000க்கு மேல்) இந்த மூன்றையும் கட்டாயமாகக் கேட்கின்றன. குறைவாக அனுப்புபவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இருந்தே ஆக வேண்டும்.

வேர்ட்பிரஸ் படிவத்துக்கு எஸ்எம்டிபி பிளகின் போட்டு, ஜோஹோ வழியாக 465 அல்லது 587 போர்ட்டில் அனுப்புங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் ஆப் பாஸ்வேர்ட் எடுக்க வேண்டும். ஃப்ரம் முகவரியில் உங்கள் டொமைன் முகவரியையே வையுங்கள்; நிரப்பியவரின் முகவரி ரிப்ளை-டு பெட்டியில் போகட்டும். யாஹூ முகவரியை ஃப்ரமில் வைத்து உங்கள் சர்வரிலிருந்து அனுப்பினால், யாஹூவின் டிமார்க் ரிஜெக்டில் இருப்பதால் பெறும் சர்வர் தள்ளிவிடும். விபிஎஸ் (நீங்களே நிர்வகிக்கும் வாடகை சர்வர்) வைத்திருப்பவர்கள், சர்வர்கள் நேரடியாக மெயில் அனுப்பும் 25ஆம் போர்ட்டைப் பெரும்பாலான கிளவுட் நிறுவனங்கள் அடைத்தே தருவதை நினைவில் வையுங்கள்.

சோதிக்க எளிய வழி, ஒவ்வொரு சேவையிலிருந்தும் ஒரு ஜிமெயில் முகவரிக்கு மெயில் அனுப்பி, ஷோ ஒரிஜினல் திறப்பது. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே பாஸ் இருக்க வேண்டும். வெப்சைட் படிவம், நியூஸ்லெட்டர், பில்லிங், ஊழியர் மொபைல் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று பாஸ் ஆனால் மற்றதும் ஆகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பழைய ஹோஸ்டிங்கை மூடுவது

ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். மூடும் முன் ஃபைல், டேட்டாபேஸ், மெயில் மூன்றின் முழு பேக்கப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். எஸ்பிஎஃப்பில் பழைய ஹோஸ்டிங்கின் இன்க்ளூட்டை நீக்குங்கள். நிறுத்திய சேவைகளைச் சுட்டும் சிநேம்களைக் கட்டாயம் அழியுங்கள். அந்த சேவையில் அதே பெயரை வேறொருவர் பதிவுசெய்தால், உங்கள் சப்டொமைனில் அவர் பக்கம் ஓடும்.

பணம் கட்டுவதை நிறுத்தினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். பழைய சிபேனலிலிருந்து டொமைனையே நீக்கச் சொல்லுங்கள். கணக்கு முடக்கப்பட்டிருந்தாலும், அந்த சர்வரின் லோக்கல் பட்டியலில் உங்கள் டொமைன் இருக்கும் வரை, அதே சர்வரில் வெப்சைட் வைத்திருக்கும் வேறு நிறுவனங்கள் உங்களுக்கு அனுப்பும் மெயில் வெளியே வராமல் உள்ளேயே விழும் அல்லது திரும்பும். உலகத்தில் எல்லோருடைய மெயிலும் வந்து, குறிப்பிட்ட இரண்டொரு வாடிக்கையாளருடையது மட்டும் வரவில்லை என்றால், அவர்களின் ஹோஸ்டிங் எது என்று கேட்டுப் பாருங்கள்.